விரா + எவோ 3 ஹாஃப் கட்: ஸ்டாக் 510 இன்ஜெக்டருக்குப் பதில் எது, கூட என்னென்ன?

#1 விரா_ஜி63

வணக்கம் அண்ணன்மாரே. வண்டி புரோட்டான் விரா, உள்ளே மிட்சுபிஷி லான்சர் எவோ 3 ஹாஃப் கட்டிலிருந்து (பாதியா வெட்டி விக்கிற பழைய வண்டி) வந்த 4ஜி63டி டர்போ இன்ஜின். டர்போ ஒரிஜினல் டிடி05எச் 16ஜி. முன்பக்க இன்டர்கூலர், 3 இன்ச் எக்ஸாஸ்ட், லிங்க் ஈசியு (இன்ஜின் கம்ப்யூட்டர்), வைட்பேண்ட் (காற்று-பெட்ரோல் கலவை மீட்டர்) எல்லாம் இருக்கு. பம்ப் வால்ப்ரோ 255. இன்ஜெக்டர், பெட்ரோல் அழுத்த ரெகுலேட்டர், ரயில் (இன்ஜெக்டருக்குப் பெட்ரோல் கொடுக்கிற குழாய்) மூணும் ஸ்டாக், அதாவது ஒரிஜினல். ரோன் 97 பெட்ரோல்ல 1.4 பார் பூஸ்ட், கிராங்கில் 350 குதிரை, அதுதான் குறி. இப்போ 1.1 பாரிலேயே 6,500-க்கு மேல இன்ஜெக்டர் டியூட்டி (ஒரு சுழற்சியில அது திறந்திருக்கிற நேரப் பங்கு) 95 சதவீதம் காட்டுது.

ஸ்டாக் நிமிடத்துக்கு 510 சிசி; 750 போதுமா, 1000 போடலாமா? ஹாஃப் கட் கடையில பேரே இல்லாத "850" செட் ஒண்ணு மலிவா கிடைக்குது, எடுக்கலாமா? இன்ஜெக்டரைத் தவிர எதை மாத்தணும்?

#2 கணக்குப்பிள்ளை

டியூட்டி 95 என்றால் பூஸ்டை இன்றைக்கே குறைத்து வையுங்கள். 7,000 ஆர்பிஎம்மில் ஒரு முழு சுழற்சிக்கு இருப்பதே 17.1 மில்லி செகண்ட். 95 சதவீதத்தில் இன்ஜெக்டர் மூடித் திறக்க நேரமே இல்லை. சில சுழற்சிகளில் மூடாமலே திறந்து நிற்கும், சிலவற்றில் அரைகுறையாக மூடும். அந்த இடத்தில் ஈசியு கேட்பது ஒன்று, இன்ஜெக்டர் கொடுப்பது வேறு.

இனி கணக்கு. முழு பூஸ்டில் ரிச்சாக (பெட்ரோல் கூடுதலாக) ஓடும் டர்போ பெட்ரோல் இன்ஜின் ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்கு 270 கிராம் வாக்கில் குடிக்கும். 350 × 270 = 94,500 கிராம். நிமிடத்துக்கு 1,575 கிராம். பெட்ரோல் அடர்த்தி 0.74 என்று வைத்தால் 2,128 சிசி. நாலாக வகுத்தால் ஒரு இன்ஜெக்டருக்கு 532 சிசி. 85 சதவீத டியூட்டிக்கு மேல் போகக் கூடாது என்றால் 626 சிசி.

இதே கணக்கைத் திருப்பிப் போட்டால் 510 இன்ஜெக்டர் 3 பார் அழுத்தத்தில், 85 சதவீதத்தில் 285 குதிரை வரை தாங்கும். எவோ 3 தொழிற்சாலையிலிருந்து 270-உடன் வந்தது. மிட்சுபிஷி இன்ஜெக்டரில் உங்களுக்காகப் பெரிய மிச்சம் எதுவும் வைத்துவிட்டுப் போகவில்லை.

650 போட்டால் காகிதத்தில் சரிவரும். ஆனால் திறக்க எடுக்கும் நேரத்தையும் சேர்த்தால் 7,000-இல் டியூட்டி 88-ஐத் தொடும். 750 என்றால் 77. 1000 என்றால் 59. 650 இப்போதே இறுக்கம். 750-தான் குறைந்தபட்சம்.

#3 பூஸ்ட்_பாண்டி

1000 போடுங்க பாஸ். "பெருசு போட்டா ஐட்ல் நிக்காது, பிளக் கறுக்கும்" என்பதெல்லாம் பழைய லோ இம்பீடன்ஸ் (ஓம் குறைஞ்ச) இன்ஜெக்டர் காலத்துப் பேச்சு. இப்போ வர்ற பாஷ் ஈவி14 உடம்பு இன்ஜெக்டர் 1000 சிசியிலயும் சின்ன பல்ஸை ஒழுங்கா கொடுக்கும். நாளைக்கு டர்போ மாத்தினாலும் திரும்ப வாங்க வேண்டாம்.

#4 கணக்குப்பிள்ளை

பாண்டி சொல்வதில் பாதி சரி. "ஒழுங்கா கொடுக்கும்" என்பது இன்ஜெக்டருக்கான தரவு உங்கள் கையில் இருந்தால் மட்டும்தான்.

சூடான ஐட்லில் இந்த 2 லிட்டர் இன்ஜினுக்கு ஒரு சிலிண்டருக்கு ஒரு தடவைக்கு வேண்டியது சுமார் 0.013 சிசி பெட்ரோல். 510 இன்ஜெக்டர் அதைக் கொடுக்க 1.5 மில்லி செகண்ட் எடுக்கும், 1000-க்கு 0.8 போதும். இதற்கு மேல்தான் டெட் டைம் வருகிறது: கரண்ட் கொடுத்த பிறகு ஊசி எழும்பிப் பெட்ரோல் வரத் தொடங்கும் வரை ஆகும் நேரம், 14 வோல்ட்டில் 1 மில்லி செகண்ட் ஒட்டி. ஈசியுவில் இதை 0.1 தப்பாகப் போட்டால் 510-இல் கலவை 6, 7 சதவீதம் விலகும். 1000-இல் அதே 0.1 தப்பு 12, 13 சதவீதம். ஐட்லில் ஏஎஃப்ஆர் (காற்று-பெட்ரோல் விகிதம்) 14.7 இருக்க வேண்டிய இடத்தில் 13 அல்லது 16.5. இதைத்தான் ஊரில் "பெருசு போட்டா ஐட்ல் நிக்காது" என்கிறார்கள். வோல்ட்டேஜுக்கு ஏற்ற டெட் டைம் அட்டவணையும் சின்ன பல்ஸ் திருத்தமும் சேர்த்து விற்கும் செட் என்றால் 1000. இல்லையென்றால் 750.

#5 ஓம்_மீட்டர்

யாரும் ரெசிஸ்டர் பெட்டியைப் பற்றிப் பேசவில்லை.

எவோ 3 ஸ்டாக் இன்ஜெக்டர் லோ இம்பீடன்ஸ், மீட்டரில் 2 முதல் 3 ஓம் காட்டும். அதனால்தான் வயரிங்கில் தனியாக ஒரு அலுமினியப் பெட்டி இருக்கிறது, உள்ளே ஒவ்வொரு இன்ஜெக்டருக்கும் 6 ஓம் ஒட்டிய ரெசிஸ்டர். 13.8 வோல்ட்டை 8.5 ஓமால் வகுத்தால் 1.6 ஆம்பியர், ஈசியுவில் உள்ள டிரைவர் சர்க்யூட் தாங்கும். பெட்டி இல்லாமல் நேராக 2.5 ஓம் கொடுத்தால் 5.5 ஆம்பியர். சாதாரண டிரைவர் டிரான்சிஸ்டர் போய்விடும்.

புது ஈவி14 எல்லாம் 12 ஓம் பக்கம். 13.8 ÷ 12 = 1.15 ஆம்பியர், பெட்டி தேவையில்லை. தேவையில்லை என்று மட்டும் விட்டுவிட முடியாது, அது இருக்கவே கூடாது. இருந்தால் 18 ஓம் ஆகி ஊசி மெதுவாக எழும்பும், தரவுத் தாளில் உள்ள டெட் டைம் உங்கள் வண்டிக்குப் பொருந்தாது. பேட்டரி இறங்கிய காலை ஸ்டார்ட்டில் லீனாகி (பெட்ரோல் குறைந்து) நிற்கும்.

பைபாஸ் எளிது. பெட்டியின் சாக்கெட்டைக் கழற்றுங்கள். ஒரு பக்கம் 12 வோல்ட் உள்ளே வரும் வயர், மறுபக்கம் இன்ஜெக்டருக்குப் போகும் நாலு வயர். எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்து ஈயம் வைத்து, ஹீட் ஷ்ரிங்க் போட்டு மூடுங்கள். சேர்ப்பதற்கு முன் சாவியைப் போட்டு எது 12 வோல்ட் என்று மீட்டரில் பாருங்கள். ஹாஃப் கட் வயரிங்கில் நிறத்தை நம்பக் கூடாது, எத்தனை கை பட்டதோ.

#6 விரா_ஜி63

சாக்கெட்டும் வேற மாதிரி இருக்குமா?

#7 ஓம்_மீட்டர்

ஆமாம். ஈவி14-இல் பெரும்பாலும் யூஎஸ்கார் வகை சாக்கெட். ரெடிமேட் அடாப்டர் கிடைக்கும், வேலை நடக்கும். ஆனால் வால்வ் கவர் பக்கத்துச் சூட்டில் ஒவ்வொரு அடாப்டரும் இன்னும் இரண்டு இணைப்பு, லூஸாக இன்னும் இரண்டு இடம். பின்னை அழுத்திப் பிடிக்கும் கிரிம்ப் கருவி கையில் இருந்தால் சாக்கெட்டையே மாற்றிவிடுங்கள்.

#8 பெஞ்சு_மணி

பெயரில்லாத 850 பற்றி. வாங்கலாம், வாங்கினதும் மாட்டக் கூடாது. நாலு சோதனை இருக்கிறது தம்பி.

முதலில் ஓம். நாலும் ஒன்றுக்கொன்று அரை ஓமுக்குள் இருக்க வேண்டும். இரண்டாவது கசிவு: பெஞ்சில் 3 பார் ஏற்றி, திறக்காமல் ஒரு நிமிடம் வைத்துப் பாருங்கள். நுனியில் ஒரு சொட்டு கோத்து நின்றாலும் அது சூடான ஸ்டார்ட்டில் தொல்லை கொடுக்கும். மூன்றாவது முழுத் திறப்பு: 30 செகண்ட் திறந்து அளவுக் குழாயில் பிடித்து இரண்டால் பெருக்குங்கள்.

உதாரணத்துக்கு நாலும் 418, 425, 409, 396 சிசி என்று வருகிறது. நிமிடத்துக்கு 836, 850, 818, 792. கடைக்காரர் சொன்ன "850" பொய்யில்லை, நாலில் ஒன்று 850-தான். சராசரி 824. இப்போது வைட்பேண்டில் 11.5 வைத்து டியூன் செய்கிறீர்கள். அந்த 11.5 நாலு சிலிண்டர் புகையும் கலந்த சராசரி. 792 மாட்டின சிலிண்டர் 12.0-இல் எரியும், 850 மாட்டினது 11.15-இல். மீட்டரில் எல்லாம் நல்லபடி தெரியும், ஒரு பிஸ்டன் மட்டும் தனியாகச் சூடாகிக்கொண்டிருக்கும். நாலும் 2 சதவீதத்துக்குள் வராத செட்டை 1.4 பாருக்குப் போடாதீர்கள்.

நாலாவது சோதனையைப் பல கடைகள் செய்வதில்லை: 2 மில்லி செகண்ட் பல்ஸில் 1,000 தடவை அடிக்கவிட்டு அளப்பது. முழுத் திறப்பில் பொருந்தும் செட் இங்கே கன்னாபின்னா என்று பிரியும். ஐட்லிலும் மெதுவான ஓட்டத்திலும் இன்ஜெக்டர் வாழ்வது இந்தச் சின்ன பல்ஸில்தான்.

அதோடு பீச்சும் வடிவத்தைப் பாருங்கள். 4ஜி63-க்கு ஒரு சிலிண்டருக்கு இரண்டு இன்டேக் வால்வ், நடுவில் ஒரு சுவர். ஒரே கூம்பாகப் பீச்சும் இன்ஜெக்டர் அந்தச் சுவரை நனைக்கும். இரண்டாகப் பிரிந்து பீச்சும் வகை வேண்டும். நுனியில் துளையைத் துளைத்துப் பெரிதாக்கின செட்டும் சந்தையில் சுற்றுகிறது. அதில் தூவல் கிடையாது, தாரைதான். லென்ஸ் வைத்துப் பார்த்தால் துளை ஓரத்தில் கீறல் தெரியும்.

#9 பூஸ்ட்_பாண்டி

மணி அண்ணே சோதனைக்குக் கொடுக்கிற காசையும் சேர்த்தா புது செட்டு விலைல பாதி வந்துடும் லா. புதுசே எடுங்க.

#10 கோவை_டர்போ

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். ஒரிஜினல் ஈசியுவை வைத்துக்கொண்டு, பிக்கிபேக்கில் (ஈசியுவுக்குப் போகும் சிக்னலை மாற்றும் துணைப் பெட்டி) ஏர்ஃப்ளோ சிக்னலைக் குறைத்துப் பெரிய இன்ஜெக்டரை ஓட்டலாம் என்கிறார்களே, அது சரியா? இன்னொன்று, இந்தியாவில் இப்போது பங்கில் வருவது ஈ20 (20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்). 626 என்று வந்த கணக்கு எங்களுக்கு எவ்வளவு மாறும்?

#11 கணக்குப்பிள்ளை

முதல் கேள்வி. ஓடும், ஆனால் இன்ஜின் உடைவது பெரும்பாலும் அந்த வழியில்தான். 510-ஐ 850 ஆக்கினால் ஏர்ஃப்ளோ சிக்னலை 40 சதவீதம் குறைக்க வேண்டும். பெட்ரோல் சரியாகிவிடும். ஆனால் அதே சிக்னலை வைத்துத்தான் ஈசியு இக்னிஷன் டைமிங்கையும் எடுக்கிறது. அதன் கணக்கில் இன்ஜின் லேசான லோடில் ஓடுகிறது, லேசான லோடுக்கு உரிய கூடுதல் அட்வான்ஸைக் கொடுக்கும், அதாவது தீப்பொறியை இன்னும் முன்கூட்டியே அடிக்கும். உண்மையில் உள்ளே 1.4 பார். ஏஎஃப்ஆர் மீட்டர் 11.5 என்று சிரிக்கும், நாக் (கலவை தானாக வெடிப்பது) தட்டும். கூடவே ஏர்ஃப்ளோ அளவை வைத்து ஸ்டாக் ஈசியு செய்யும் ஃப்யூவல் கட்டும் வேலை செய்யாமல் போகும். பிக்கிபேக்கில் டைமிங்கையும் திருப்பி இழுக்க வழி இருந்தால் தவிர வேண்டாம்.

இரண்டாவது. பெட்ரோலுக்கு 14.7 என்றால் ஈ20-க்கு 13.5 ஒட்டி. கன அளவில் 7, 8 சதவீதம் கூடுதலாக ஓட வேண்டும். 626 என்பது 675 ஆகும், பம்பும் அதே அளவு கூடுதலாகத் தள்ள வேண்டும். வைட்பேண்டை ஏஎஃப்ஆரில் வைக்காமல் லாம்ப்டாவில் (எந்த எரிபொருளுக்கும் சமநிலைக் கலவை 1 என்ற அளவு) வையுங்கள், எரிபொருள் மாறினாலும் முழு பூஸ்டுக்கு 0.78 முதல் 0.80 என்ற குறி மாறாது. ஈ85 போல 40 சதவீதம் கூடும் கதை இது இல்லை, பயப்பட வேண்டாம். பழைய வண்டியின் ரப்பர் ஹோஸையும் சாதாரண நைட்ரைல் ஓ-ரிங்கையும் மட்டும் ஒருமுறை மாற்றிவிடுங்கள். விட்டான் ஓ-ரிங் கேட்டு வாங்குங்கள்.

#12 விரா_ஜி63

புது 1000 செட், தரவுத் தாளோட, ஹை இம்பீடன்ஸ், இரட்டைத் தூவல். முடிவு பண்ணிட்டேன். மாட்டுறதுல கவனிக்க வேண்டியது?

#13 பெஞ்சு_மணி

வாங்கும் முன்பே வெர்னியரை எடுத்து மூன்று அளவு எடுங்கள்: ரயில் துளை, ஹெட் பக்கத் துளை, இரண்டுக்கும் நடுவில் ரயிலை இறுக்கின நிலையில் உள்ள தூரம். மேல் ஓ-ரிங் 11 மிமீ, 14 மிமீ என இரண்டு வகை விற்கிறது. ஈவி14-இலேயே குட்டை உடம்பு, நெட்டை உடம்பு உண்டு. குட்டை வந்துவிட்டால் மேலே ஒரு நீட்டிப்புத் தொப்பி வேண்டும். "வாஷர் போட்டு ரயிலைத் தூக்கிக்கலாம்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ரயில் ஒரு பக்கம் சாய்ந்து உட்கார்ந்தால் பெட்ரோல் சொட்டுவது டர்போ இன்ஜின் மேல்.

மாட்டும் அன்று: இன்ஜின் ஆறியிருக்க வேண்டும், கையெட்டும் தூரத்தில் தீயணைப்பான். பம்பின் சாக்கெட்டைக் கழற்றிவிட்டு இன்ஜினை ஓடவிடுங்கள், தானாக நின்றுவிடும். இன்னும் 3 செகண்ட் கிராங்க் செய்தால் ரயிலில் அழுத்தம் இறங்கும். பிறகு பேட்டரி நெகட்டிவ். ரயிலைச் சுற்றியுள்ள தூசியைக் காற்றடித்துத் துடையுங்கள், இதை விட்டால் மணல் நேராக இன்டேக் வால்வுக்குப் போகும். ரயிலை இன்ஜெக்டரோடு சேர்த்து நேராகத் தூக்குங்கள். கீழே உள்ள ரப்பர் இன்சுலேட்டர் நாலில் ஒன்றிரண்டு ஹெட்டிலேயே ஒட்டிக்கொள்ளும், விரல் விட்டு எண்ணி எடுங்கள். ஹெட் துளையை டேப் ஒட்டி மூடுங்கள்.

புது ஓ-ரிங்கில் ஒரு துளி இன்ஜின் ஆயில் தடவி, லேசாகத் திருகிக்கொண்டே ரயிலில் நுழையுங்கள். நேராக அழுத்தினால் ஓ-ரிங் சீவிக்கொண்டு ஒரு நூல் போல வெளியே வரும். அது தெரிந்தால் அந்த ஓ-ரிங் குப்பை. சிலிக்கோன் கிரீஸ் வேண்டாம், இன்ஜெக்டர் வாய் வலையில் போய் அடைக்கும். ரயில் போல்ட் 12 நியூட்டன் மீட்டர் பக்கம் போதும், அலுமினிய மரை அது. இறுக்கின பிறகு ஒவ்வொரு இன்ஜெக்டரையும் விரலால் சுற்றிப் பாருங்கள். சுற்ற வேண்டும். சுற்றாதது எங்கேயோ பிடித்திருக்கிறது, கழற்றித் திரும்ப.

பிறகு ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மூன்று தடவை போட்டு எடுங்கள், பம்ப் ரயிலை நிரப்பும். ஒவ்வொரு இன்ஜெக்டருக்கும் மேலும் கீழும் டிஷ்யூ பேப்பரை ஒட்டிப் பிடித்துப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத ஈரம் பேப்பரில் தெரியும். கீழ்ப் பக்கம் காற்று இழுக்கிறதா என்பதை ஐட்லில் பாருங்கள்: பழைய இன்சுலேட்டர் கல்லாகிப் போயிருந்தால் ஐட்ல் தானாக ஏறும், பூஸ்டில் உஸ் என்று சத்தம் வரும். நாலும் புதிது போடுவதே நல்லது.

#14 பூஸ்ட்_பாண்டி

இன்னொண்ணு. புது இன்ஜெக்டரைப் பழைய மேப்போட (ஈசியுவில இருக்கிற பெட்ரோல் அட்டவணை) டியூனர் கிட்ட ஓட்டிக்கிட்டு போகாதீங்க. ரெண்டு மடங்கு பெட்ரோல் சிலிண்டர் சுவர்ல உள்ள ஆயிலைக் கழுவிட்டுப் போயிடும். லிங்க்ல நம்பரை மாத்திட்டு ஸ்டார்ட் பண்ணுங்க, இல்ல லோரில ஏத்துங்க. டியூன் முடிஞ்சதும் ஆயில் மாத்துங்க. டிப்ஸ்டிக்கை மோந்து பார்த்தாலே காரணம் புரியும்.

#15 கணக்குப்பிள்ளை

மேப் பற்றி. லிங்கில் மாடல் முறையில் பெட்ரோல் கணக்கு ஓடுகிறதென்றால் இன்ஜெக்டர் அளவு, அடிப்படை அழுத்தம், டெட் டைம் அட்டவணை, சின்ன பல்ஸ் திருத்தம் நாலையும் புதிதாகப் போடுங்கள். விஇ அட்டவணையை (இன்ஜின் எவ்வளவு காற்று இழுக்கிறது என்பது) தொடாதீர்கள். மாறியது இன்ஜெக்டர், இன்ஜின் மூச்சு விடுவது மாறவில்லை. பழைய முறை, மில்லி செகண்டில் அட்டவணை என்றால் மாஸ்டர் எண்ணை 510 ÷ 1000, அதாவது 0.51-ஆல் பெருக்குங்கள். இரண்டு முறையிலும் கிராங்கிங் பல்ஸையும் ஆக்சிலரேட்டர் மிதிக்கும்போது கூட்டும் பெட்ரோலையும் தனியாகப் பாருங்கள். பல பேர் மறப்பது கிராங்கிங். முதல் ஸ்டார்ட்டிலேயே பிளக் நனைந்து, "இன்ஜெக்டர் லீக்" என்று பழி இன்ஜெக்டர் மேல் விழும்.

டெட் டைம் சரியா என்று வண்டியிலேயே பார்க்க ஒரு வழி. இன்ஜின் சூடாகி, குளோஸ்ட் லூப்பை (ஈசியு தானாகக் கலவையைத் திருத்துவது) நிறுத்தி, 1,500-இல் நிற்க வையுங்கள். ஒரு சுழற்சிக்கு ஒரு பல்ஸ் என்பதை இரண்டு பல்ஸாக மாற்றுங்கள், மொத்தப் பெட்ரோல் அதே. டெட் டைம் சரியென்றால் லாம்ப்டா அசையாது. லீனானால் போட்ட எண் குறைவு, ரிச்சானால் அதிகம். காரணம் எளிது: தப்பு ஒரு பல்ஸுக்கு ஒரு தடவை என்றால், இரண்டு பல்ஸுக்கு இரண்டு தடவை. ஒன்று கவனம், 1000 இன்ஜெக்டரில் பாதி பல்ஸ் ரொம்பச் சின்னதாகிச் சின்ன பல்ஸ் திருத்தமும் உள்ளே கலந்துவிடும். அதனால் ஐட்லில் செய்யாமல் கொஞ்சம் லோடு கொடுத்துச் செய்யுங்கள்.

வோல்ட்டேஜ் வரிசைக்கு ஹெட்லைட், ரேடியேட்டர் விசிறி, பின் கண்ணாடி ஹீட்டர் எல்லாவற்றையும் போட்டு 14-இலிருந்து 12.5-க்கு இறக்குங்கள். லாம்ப்டா நகர்ந்தால் அட்டவணையின் அந்தப் பக்கம் தப்பு. இதைச் செய்யாத வண்டிதான் இரவில் மழையில் வைப்பர் போட்டதும் ஐட்ல் ஆடும்.

#16 டைனோ_தாசன்

இழையை முதலிலிருந்து படித்தேன். இன்ஜெக்டர் பற்றி இவ்வளவு பேசியும் அழுத்தத்தை யாரும் தொடவில்லை. இன்ஜெக்டர் ஒரு துளை, தள்ளுவது பம்ப்.

ரயில் அழுத்தத்திலிருந்து மேனிஃபோல்ட் அழுத்தத்தைக் கழித்தால் எப்போதும் 3 பார் வர வேண்டும். 1.4 பார் பூஸ்டில் ரயிலில் 4.4 இருக்க வேண்டும். 1.4 பாரில் 4.1-தான் வருகிறதென்றால் வித்தியாசம் 2.7. ஓட்டம் அழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது, 5 சதவீதம் குறையும், 11.5 என்பது 12.1 ஆகும். அதை மேப்பில் பெட்ரோலைக் கூட்டி மறைக்கிறார்கள். பிறகு ஒரு நாள் பேட்டரி கொஞ்சம் இறங்கினால் கலவை 12.8. ரயிலில் ஒரு பிரஷர் சென்சார் போட்டு லாகில் பாருங்கள், கேஜ் மட்டும் போதாது.

128 லிட்டர்தானே மணிக்கு வேண்டும், 255 பம்ப் இருக்கிறதே என்று தோன்றும். 255 என்பது 3 பார் பக்கத்து எண். 4.5 பாரில் அது 200-க்குப் பக்கம் இறங்கும், அதுவும் 13.5 வோல்ட் பம்பின் முனையில் கிடைத்தால். விராவின் பின்பக்க வயர் சாதாரண 1.6 லிட்டர் இன்ஜினின் பம்புக்காக இழுத்த மெல்லிய வயர், முப்பது வயது. பம்ப் சாக்கெட்டில், பம்ப் ஓடும்போது, லோடில் வோல்ட் எடுங்கள். பேட்டரியில் 13.8, அங்கே 11.2 என்றால் உங்களிடம் இருப்பது 255 இல்லை. பேட்டரியிலிருந்து 4 சதுர மிமீ வயர், 20 ஆம்ப் ஃப்யூஸ் பேட்டரி பக்கத்தில், பின்னால் ஒரு ரிலே, பழைய வயர் ரிலேயை இழுக்க மட்டும். எர்த்தையும் புதிதாக, பெயின்ட் சுரண்டின இரும்பில். ரிலேயை ஈசியுவே இழுக்க வேண்டும், விபத்தில் இன்ஜின் நின்றால் பம்பும் நிற்க வேண்டும்.

எதிர்ப்பக்கத் தொல்லையும் உண்டு. பெரிய பம்ப், ஸ்டாக் ரெகுலேட்டர், ஐட்லில் திருப்பி அனுப்ப வேண்டிய பெட்ரோல் அந்தச் சின்ன வாயில் போகாமல் அழுத்தம் ஏறும். ரெகுலேட்டரின் வேக்கம் ஹோஸைக் கழற்றி மூடி, ஐட்லில் அளந்து பாருங்கள். 3 வர வேண்டிய இடத்தில் 3.5 காட்டினால் அதுதான். பெரிய வாயுள்ள, அட்ஜஸ்ட் செய்யும் ரெகுலேட்டர் போட்டு, இதே நிலையில் 3 பாரில் பூட்டுங்கள். ஹோஸை மாட்டினால் ஐட்லில் 2.4, 2.5-க்கு இறங்கும், அது சரிதான். அந்த ஹோஸைக் கிளாம்ப் போட்டு மாட்டுங்கள், பூஸ்டில் கழன்றால் ரயில் 3-இலேயே நிற்கும், 1.4 பாரில் இன்ஜெக்டருக்கு மிச்சம் 1.6. அப்போது என்ன ஆகும் என்று கணக்குப்பிள்ளை போட்டுக் காட்டட்டும்.

#17 கணக்குப்பிள்ளை

1.6 ÷ 3-இன் வர்க்கமூலம் 0.73. கலவை 11.5-இலிருந்து 15.7-க்கு. பிஸ்டன் அங்கேயே முடியும். லிங்கில் ரயில் அழுத்தத்தைப் பார்த்து வித்தியாசம் 2.7-க்குக் கீழ் போனால் பூஸ்டை வெட்டும்படி ஒரு பாதுகாப்பு போட்டு வைக்கலாம். சென்சார் போட்டதன் முழுப் பலனே அதுதான்.

#18 விரா_ஜி63

பம்ப் சாக்கெட்டில் இப்போதான் அளந்தேன், 11.6. வயர் புதுசா இழுக்கணும். வாங்கப் போற பட்டியல்: 1000 இன்ஜெக்டர் 4, யூஎஸ்கார் சாக்கெட் 4, கீழ் இன்சுலேட்டர் 4, விட்டான் ஓ-ரிங் 8, அட்ஜஸ்ட் ரெகுலேட்டர், ரயில் பிரஷர் சென்சார், 4 சதுர மிமீ வயர், ரிலே, ஃப்யூஸ், புது ஃப்யூவல் ஃபில்டர், 8 மிமீ இன்ஜெக்ஷன் ஹோஸ் 2 மீட்டர், கிளாம்ப் 10. பம்பைக் கழட்டும்போது டேங்க் உள்ளே இருக்கிற குட்டி ஹோஸையும் இதே ஹோஸ்ல வெட்டிப் போட்டுக்கிறேன்.

#19 டைனோ_தாசன்

கடைசி வரி மட்டும் தப்பு. வெளியே போடும் ஆர்9 ஹோஸின் உள் அடுக்குதான் பெட்ரோலுக்கானது. டேங்கில் முழுகவிட்டால் வெளிப்புற ரப்பர் ஊறிப் பிசுபிசுத்து, கிளாம்ப் பிடி தளரும். பம்ப் தள்ளும் பெட்ரோலில் பாதி டேங்குக்குள்ளேயே சுற்றும், மேலே அழுத்தம் வராது, எல்லோரும் பம்பைத் திட்டுவார்கள். முழுகும் இடத்துக்கு ஆர்10 என்று அச்சடித்த ஹோஸ் தனியாக வாங்குங்கள். 15 சென்டிமீட்டர் போதும்.